உங்களுக்காக ஜெபித்தவர்

சென்ற மாதம் எங்கள் பழைய அலுவலகத்திலிருந்து ஜெனிபர் போன் செய்தாள். சபையில் இப்போது புகார்க் குழு என்று ஒன்று வந்திருக்கிறது. அதற்கு அவள்தான் பொறுப்பாளர். புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒருநாள் பயிற்சி வைக்கிறார்களாம்.

"ஏனுங்க சார், குழு கிழுன்னு ஒன்னுமே இல்லாத காலத்துல புகாரெல்லாம் எப்படிங்க சமாளிச்சீங்க? ரெண்டு பக்கம் எழுதிக் குடுங்களேன்."

"எங்க காலத்துல ஒரு புகாரும் வந்ததில்லைம்மா. வேணும்னா ரெஜிஸ்டரை எடுத்துப் பாரு" என்றேன்.

நான் கிண்டலாகத்தான் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. ஆனால் சொன்னது உண்மை. நான் எழுதிய முப்பத்திரண்டு வருஷத்து ரெஜிஸ்டர்களில் புகார் என்ற வார்த்தையே கிடையாது. அந்தச் சாதனையை எப்படிச் செய்தேன் என்பதை எழுதுகிறேன். பயிற்சிக்கு ஆகுமா என்று ஜெனிபர் பார்த்துக்கொள்ளட்டும்.

என் பெயர் ஞானராஜ். டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்த திமிரோடு குன்னூரில் எங்கள் சபையின் தலைமை அலுவலகத்தில் சேர்ந்தேன். சபை ஒன்றும் பெரிதில்லை. ஏழு கோவில்கள், இரண்டு பள்ளிகள், எஸ்டேட் பிள்ளைகளுக்காகக் குன்னூரில் ஒன்றும் கோத்தகிரியில் ஒன்றுமாக இரண்டு ஹாஸ்டல்கள். நான் ஹெட் கிளார்க்காக ஓய்வு பெற்றேன். இடையில் கிடைத்த ஒரே பதவி உயர்வில் என் நாற்காலிக்குக் கைப்பிடி வந்தது.

அலுவலகத்தில் மூன்று ரெஜிஸ்டர்கள் இருந்தன. தபால் வந்ததும் உள்வரவு முத்திரை குத்தி, நம்பர் போட்டு, பிரிக்க வேண்டும். கட்டிடம், நிலம், ஒழுகுகிற கூரை என்றால் சொத்து ரெஜிஸ்டர். லீவு, மாற்றல், நியமனம் என்றால் ஊழியர் ரெஜிஸ்டர். இரண்டிலும் சேராத எல்லாமே ஜெப விண்ணப்ப ரெஜிஸ்டர். பரீட்சை, கல்யாணம், குடிகாரக் கணவன், ஆபரேஷன் எல்லாம் அதில்தான் போகும். ஒரு விண்ணப்பத்துக்கு ஒரு வரி. புதன்கிழமை காலை பத்து மணிக்கு ஹாலில் எல்லாரும் கூடுவோம். நான் வரிகளை வாசிப்பேன். அந்த வாரம் முறை வருகிற ஊழியர் ஒவ்வொன்றுக்காகவும் ஜெபிப்பார். வியாழக்கிழமை பதில் கடிதம் போய்விடும். அதற்கு நானே ஒரு மாதிரி தயாரித்து வைத்திருந்தேன். "அன்பான" என்பதை அடுத்துச் சகோதரர் அல்லது சகோதரி. "உங்கள் விண்ணப்பம் கிடைக்கப்பெற்றோம். சென்ற புதனன்று உங்களுக்காக மிகுந்த பாரத்தோடு ஜெபித்தவர்" என்று வந்து, அங்கே பெயருக்கு ஒரு கோடு. ஆள் பெயரைப் போட்டால் ஜனங்களுக்கு நெருக்கமாக இருக்கும் என்பது என்னுடைய யோசனை. அதற்காக ஆண்டு விழாவில் எனக்கு ஒரு சால்வை போர்த்தினார்கள்.

இன்னொரு யோசனையும் என்னுடையதுதான். வாரத்துக்கு அறுபது எழுபது கடிதம் வரும். எல்லாவற்றையும் முழுதாகப் படித்தால் சாயங்காலம் வீடு போய்ச் சேர முடியாது. கடிதம் எழுதுகிறவர்கள் தங்களுக்கு என்ன வேண்டும் என்பதை முதல் பத்தியில் தொடங்கி, கடைசிப் பத்தியில்தான் முடிப்பார்கள், நடுவில் இருப்பது அழுகை என்று கண்டுபிடித்து வைத்திருந்தேன். முதல் பத்தி, கடைசிப் பத்தி, அவ்வளவுதான். வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் கொடுத்தேன். கோயம்புத்தூரிலிருந்து பார்வையிட வந்த ஒரு பெரியவர், "எப்படித் தம்பி இவ்வளவு வேகமாப் பார்க்கறீங்க?" என்று வியந்தபோது கூச்சப்படுவதாக நடித்தேன்.

எங்கள் செயலாளர் ஐயாவைப் பற்றிச் சொல்லாமல் அந்த அலுவலகம் புரியாது. கடிதங்களை அவர் நின்றுகொண்டுதான் படிப்பார். கையில் சிவப்புப் பென்சில் இருக்கும். நான் "புகார்" என்று டைப் அடித்திருந்தால் அதை அடித்துவிட்டு "மனத்தாங்கல்" என்று எழுதுவார். "தவறு" என்றால் "குறை". "வெளியேற்றப்பட்டார்" என்றால் "ஓய்வெடுத்துக்கொண்டார்". "ஞானம், காகிதத்துக்கு வாய் உண்டு. நாளைக்கு நம்மளைப் பத்திப் பேசும்" என்பார். இரண்டு வருஷத்தில் அந்தப் பென்சிலுக்கு வேலை வைக்காமல் எழுதப் பழகிவிட்டேன். யாருக்காவது இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தால் அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பிப்பார். வந்தவர்கள் அவர் துடைத்து முடிப்பதற்குள் தாங்களே எழுந்துவிடுவார்கள். எழுந்தவர்களைக் கையைப் பிடித்துக் கேட் வரை கொண்டுபோய் விடுவார். மழை என்றால் தன் குடையைக் கொடுத்தனுப்புவார். நடிப்பு இல்லை. என் மனைவி குன்னூர் லாலி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒன்பது நாளும் தவறாமல் வந்தவர் அவர் ஒருத்தர்தான்.

நான் ஓய்வு பெற இரண்டு வருஷம் இருக்கும்போது அந்தக் கடிதம் வந்தது. நான்கு பக்கம், நீல மை, கோடு போட்ட தாள். எழுதியவர் செல்வராணி. சிலோனிலிருந்து திரும்பி வந்த குடும்பம். குன்னூர் பக்கத்தில் ஒரு எஸ்டேட்டில், வேலைக்குப் போகிறவர்களின் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காப்பகத்தில் ஆயா வேலை. முதல் பத்தியில், சிறுவயதில் உங்கள் ஹாஸ்டலில் படித்தேன், இத்தனை வருஷமாக எனக்கு நிம்மதியான தூக்கம் இல்லை என்று இருந்தது. கடைசிப் பத்தியில், இதற்கு மேல் உங்கள் கையில்தான் இருக்கிறது, செய்ய வேண்டியதைச் செய்யுங்கள் என்று இருந்தது. நான் என் முறைப்படி ஒரு வரி எழுதினேன். "செல்வராணி, குன்னூர். மனச் சமாதானம் வேண்டி."

அந்தப் புதன்கிழமை ஜெப முறை எட்வினுடையது. எட்வின் எங்கள் ஹாஸ்டல் வார்டன். முதலில் குன்னூரில் இருந்தார், பிறகு கோத்தகிரி ஹாஸ்டலுக்குப் போனார். செல்வராணியின் வரியை நான் வாசித்ததும் அவர் கண்ணை மூடிக்கொண்டார். பிறகு தழுதழுத்த குரலில் நீளமாக ஜெபித்தார். ஹாலில் இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நானும் ஒருவன். மறுநாள் பதில் கடிதத்தில் கோடு இருந்த இடத்தில் "திரு. எட்வின்" என்று டைப் அடித்து, தபாலில் சேர்த்தேன்.

ஐந்து வாரம் கழித்து அவள் நேரில் வந்தாள். மழைக்கோட்டைக் கழற்றி வாசலில் உதறிவிட்டு நேராக என் மேசைக்கு வந்து, என் பதில் கடிதத்தை விரித்து வைத்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்கும்.

"இதை நீங்கதானுங்க எழுதினீங்க?"

"ஆமாம்மா." நன்றி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். நன்றி சொல்ல வருகிறவர்கள் உண்டு, வாழைப்பழத்தோடு வருவார்கள். நான் அவள் கையைக்கூடப் பார்த்தேன்.

"நான் என்ன கேட்டிருந்தேன்னு கொஞ்சம் சொல்றீங்களா?"

ரெஜிஸ்டரைத் திறந்து, என் வரியை நல்ல உச்சரிப்போடு வாசித்துக் காட்டினேன்.

"நான் அதைக் கேக்கலீங்களே" என்றாள். "நான் எழுதுன லெட்டர் இருக்குதுங்களா?"

கட்டிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தேன். அவள் வாங்கவில்லை. "நீங்களே படிங்க. எனக்குக் கேக்கற மாதிரி படிங்க."

அலுவலகத்தில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். விண்ணப்பங்களைச் சத்தமாக வாசிப்பது எனக்குப் பழக்கம்தான் என்பதால் எழுந்து நின்றே வாசிக்கத் தொடங்கினேன். முதல் பத்தி தெரிந்ததுதான். முதல் பக்கத்தின் பாதிக்கு மேல் எனக்குத் தெரியாத கடிதம். இரண்டாம் பக்கத்தில் எட்வினின் பெயர் வந்தது. அவர் அந்தப் பிள்ளைக்கு என்ன செய்தார் என்று நாலே வாக்கியத்தில் எழுதியிருந்தாள். அதை நான் இங்கே எழுத மாட்டேன். எழுத எனக்கு உரிமை இல்லை. என் குரல் இறங்கியது. "கேக்கலீங்க" என்றாள். மறுபடி சத்தமாகப் படித்தேன். மற்ற இரண்டு மேசைகளிலும் டைப் அடிக்கிற சத்தம் நின்றுபோயிருந்தது.

மூன்றாம் பக்கத்தில் இப்படி இருந்தது. "ஆறாம் வகுப்பு முழுப்பரீட்சை லீவில் அம்மாவிடம் சொன்னேன். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு உங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். டைப் அடிக்கிற அண்ணன் ஒருவர் எங்களை உட்கார வைத்துப் பேசினார். நல்லவிதமாகத்தான் பேசினார். பிள்ளைகள் வீட்டு ஏக்கத்தில் ஏதாவது சொல்லும், பெரியவர்கள் பேரைக் கெடுத்துவிடக் கூடாது என்றார். பிறகு ஒரு லெட்டர் டைப் அடித்து அம்மா கையில் கொடுத்து, இதை வார்டனிடம் கொடுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்றார். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. பஸ்ஸில் நான்தான் படித்துக் காட்டினேன். இந்தப் பிள்ளையைத் தனிப்பட்ட முறையில் கவனித்துக்கொள்ளவும் என்று இருந்தது. அம்மா சந்தோஷப்பட்டார்கள்."

அந்தக் காலத்தில் எங்கள் அலுவலகத்தில் டைப் அடிக்கிற அண்ணன் ஒரே ஒருவன்தான்.

நான் உட்கார்ந்துவிட்டேன். எனக்கு எதுவும் ஞாபகம் வரவில்லை என்பதுதான் இன்றுவரை என்னைத் தின்கிறது. அந்த அம்மாவின் முகம், அந்தப் பிள்ளையின் முகம், அன்று வெயிலா மழையா, எதுவும் இல்லை. அந்த மாதிரிக் கடிதம் நான் நூறு எழுதியிருப்பேன். "தனிப்பட்ட முறையில்" என்பது எனக்குப் பிடித்த வார்த்தை. அதைப் போட்டால் கடிதத்துக்கு ஒரு கௌரவம் வருகிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவன் நான்.

"இன்னும் ஒரு பக்கம் இருக்குதுங்க" என்றாள்.

படித்தேன். நான்காம் பக்கத்தில் அவள் கேட்டிருந்தது ஒன்றே ஒன்றுதான். எட்வின் இப்போதும் கோத்தகிரி ஹாஸ்டலில் இருக்கிறார், அங்கே இருக்கிற பிள்ளைகளைவிட்டு அவரை உடனே விலக்குங்கள் என்பது. அதற்கும் கீழேதான் நான் படித்த கடைசிப் பத்தி இருந்தது.

சத்தம் கேட்டுச் செயலாளர் ஐயா வெளியே வந்தார். என் கையிலிருந்து கடிதத்தை வாங்கி, நின்றுகொண்டே முழுவதும் படித்தார். பழக்கமாகப் பென்சிலைத் தேடிய கை பாதியில் நின்றது. பிறகு செல்வராணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டு, டீ வரவழைத்தார். குறிப்பெடுக்க என்னையும் உட்காரச் சொன்னார்.

"அம்மா நல்லா இருக்காங்களா?"

"செத்துப் போயிட்டாங்க ஐயா."

அவருக்கு உண்மையிலேயே வேதனைதான். பிறகு சொன்னார்: "பாரும்மா, எட்வினை நான் வரச் சொல்றேன். நாங்க ஒரு நாலு பேர் இருப்போம். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து மன்னிப்புக் கேட்டு, ஒண்ணா உக்காந்து ஒரு வேளை சாப்பிட்டு எழுந்திருவோம். மனசுல இருக்கற பாரம் இறங்கிரும்."

"நான் எதுக்குங்க மன்னிப்புக் கேக்கோணும்?"

"இத்தனை வருஷமா மனசுல கசப்பை வெச்சிருந்தியேம்மா, அதுக்கு."

இவ்வளவு அன்பாக ஒரு மனுஷன் இதைச் சொல்ல முடியும் என்பதை நான் நேரில் கேட்டிருக்காவிட்டால் நம்பியிருக்க மாட்டேன். அதைவிட மோசம், என் கை அந்த வாக்கியத்தைக் குறித்துக்கொண்டது. இரு தரப்பும் மனம் பொருந்தி என்று தொடங்கலாமா என்று என் தலை கடிதம் கட்ட ஆரம்பித்திருந்தது. பழக்கம் அப்படி.

செல்வராணி டீயைத் தொடவில்லை. "கோத்தகிரி ஹாஸ்டல்ல இப்ப எத்தனை புள்ளைங்க இருக்குறாங்க ஐயா?"

ஐயா என்னைப் பார்த்தார். "நாப்பத்தி ஒண்ணு" என்றேன்.

"இன்னைக்கே அவரை அங்கிருந்து வெளிய அனுப்புங்க. எனக்கு வேற ஒன்னும் வேண்டாமுங்க. சோறும் வேண்டாம்."

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "கமிட்டி கூடித்தானேம்மா முடிவு பண்ணணும். அடுத்த மாசம் கூடுது." துடைக்க ஆரம்பித்தார்.

அவள் அவர் துடைத்து முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தாள். அந்த அறையில் அப்படி ஒருவரை நான் பார்த்ததில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவர் பார்த்தபோது அவள் எதிரிலேயே இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, கடிதத்தைக் காட்டி, பையிலிருந்து ஒரு பேனாவை எடுத்து நீட்டினாள்.

"இதை முழுசாப் படிச்சேன்னு எழுதி, தேதி போட்டு, ஆபீஸ் சீல் வெச்சு, ஒரு ஜெராக்ஸ் குடுங்க. நான் ஸ்டேசனுக்குப் போறேன்."

"ஞானம்" என்றார் ஐயா. அவ்வளவுதான் சொன்னார்.

நான் கையெழுத்துப் போட்டேன். இதைச் சிலர் தைரியம் என்று சொல்லிவிட்டார்கள். ஜெனிபர்கூட அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறாள். முப்பது வருஷம் யார் பேனாவை நீட்டினாலும் கையெழுத்துப் போட்டுப் பழகியவன். அன்று நீட்டியவள் அவளாக இருந்தாள். ஐயா முதலில் நீட்டியிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று எனக்குத் தெரியாது. "முழுவதும் வாசித்தேன்" என்று எழுதினேன். அதுவரை நான் எழுதியவற்றில் உண்மை என்று உறுதியாகச் சொல்லக்கூடிய வரி அது ஒன்றுதான்.

போலீஸ் மறுநாளே கோத்தகிரிக்குப் போனது. எட்வினை அங்கிருந்து அழைத்துப் போனார்கள். ஹாஸ்டலில் இரண்டு பிள்ளைகள் வாயைத் திறந்தார்கள். அதில் ஒரு பிள்ளைக்கு நடந்தது, செல்வராணியின் கடிதம் எங்கள் அலுவலகத்துக்கு வந்த பிறகு. நான் நம்பர் போட்டு, ஒரு வரி எழுதி, ஹாலில் கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகு. இதைப் பற்றிக் கிண்டலாக எழுத என்னால் முடியவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு அலுவலகத்தில் என்னோடு யாரும் டீ குடிக்கவில்லை. சபையின் பேரைக் கெடுத்தவன் என்று கோவிலில் பேசிக்கொண்டார்கள். புதன்கிழமைகளில் சபைக்கு வந்த சோதனைக்காக ஜெபித்தார்கள். எட்வினின் குடும்பத்துக்காக ஜெபித்தார்கள். எனக்கு நல்ல புத்தி வரும்படியும் ஒருமுறை ஜெபித்தார்கள். செல்வராணிக்காகவும் அந்த இரண்டு பிள்ளைகளுக்காகவும் யாரும் ஜெபிக்கவில்லை. அந்த வரிகளை எழுத வேண்டியவன் நான். நானும் எழுதவில்லை, அவள் வேண்டாம் என்றுதானே சொன்னாள் என்று ஒரு சாக்கு வைத்திருந்தேன். செயலாளர் ஐயாவும் அந்த வருஷக் கடைசியில் ஓய்வெடுத்துக்கொண்டார். அவருடைய வார்த்தையிலேயே சொல்கிறேன்.

இந்த வருஷம் ஊட்டி கோர்ட்டில் என்னைச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார்கள். அரசு வக்கீல் என் மாதிரிக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்.

"கடிதம் வந்த நாளிலிருந்து அந்தப் பெண் நேரில் வந்த நாள்வரை உங்கள் அலுவலகம் என்ன நடவடிக்கை எடுத்தது?"

"ஜெபித்தோம்" என்றேன்.

"வேறு?"

"வேறு ஒன்றும் இல்லை."

"ஜெபித்தது யார்?"

சொன்னேன். நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். என் சால்வைக்குரிய யோசனை கோர்ட் ஆவணத்தில் ஏறியது.

கேஸ் இன்னும் முடியவில்லை. அன்று வெளியே வந்தபோது எனக்குக் கொஞ்சம் நிமிர்ந்த நடை வந்திருந்தது, மறைக்க மாட்டேன். குறுக்கு விசாரணையில் தடுமாறவில்லை, ஒன்றையும் மறைக்கவில்லை என்ற திருப்தி. செல்வராணி பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தாள். பக்கத்தில் போய் நின்றேன். வருஷக்கணக்காக மனதில் எழுதி எழுதித் திருத்திய வாக்கியங்கள் இருந்தன.

"என்னை மன்னிச்சிரும்மா" என்றேன்.

அவள் கோபப்படவில்லை.

"அதைப் பத்தி அப்புறம் பாக்கலாமுங்க. கோத்தகிரி ஹாஸ்டல்ல இப்ப வார்டன் யாருங்க?"

எனக்குத் தெரியவில்லை. எட்வின் போன பிறகு அங்கே யார் வந்தார்கள், பிள்ளைகள் எத்தனை பேர் மிச்சம், யார் அவர்களைப் பார்த்துக்கொள்கிறார்கள், ஒன்றும் தெரியாது. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை. கோர்ட்டில் என்ன பேசுவது என்றுதான் ஆறு மாதம் ஒத்திகை பார்த்திருந்தேன்.

"யாரையாவது போட்டிருப்பாங்கம்மா. நான் விசாரிச்சுச் சொல்றேன்."

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள். "ஒரு டீச்சரம்மா இருக்குறாங்க. மாசம் ஒருக்கா நான் போயி புள்ளைங்களைப் பாத்துப் பேசிட்டுத்தான் வர்றேன். உங்களுக்குத் தெரியுமான்னுதான் கேட்டேன்."

குன்னூர் பஸ் வந்தது. அவள் ஏறி ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள். நானும் அந்த பஸ்ஸுக்குத்தான் நின்றிருந்தேன். ஏறவில்லை.